சம்பளம் இல்லாத பதவி உயர்வு

1999 மார்ச் 3, புதன்

காலையிலேயே வெக்கை. சட்டத்தரணிகள் கந்தோரின் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. இன்றைக்கு: எஹலியகொட காணி வழக்குக்கு மறுமொழி, முத்திரை வாங்க, முருகேஷ் சட்டைக்குப் பொத்தான், மண்ணெண்ணெய்.

மறுமொழி பாதியில் நிற்கும்போது தர்மவர்தன சேர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இரத்தினபுரி மழையில் ஊறி உப்பிய கதவு அது, யாரும் சாத்திப் பார்த்ததில்லை. சேர் உள்ளே இழுக்க, நான் முதுகைக் கொடுத்துத் தள்ள, ஒருவழியாகச் சாத்தினோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"சரோஜா, உங்களை எக்விட்டி பாட்னராக எடுக்கப் போகிறோம்."

(சேருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான். மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே கேட்பது என் பழக்கம். எழுதும்போதும் அப்படியே வருகிறது.)

மூன்று தடவை நன்றி சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இங்கே உதவிச் சட்டத்தரணியாக ஒன்பது வருஷம். நாற்காலிகூட மாறியதில்லை.

"சிவபாதத்திடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்றார்.

அவரும் பங்காளிதானே? இருப்பதே இரண்டு பங்காளிகள். சரி, பெரியவர்கள் விஷயம்.

கதவைத் திறக்க முடியவில்லை. வெளியிலிருந்து கிளார்க் நந்தசேன உதைத்துத் திறந்தான். ஆகவே இரகசியம் முழுக் கந்தோருக்கும் தெரியும்.

பொத்தான் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 4, வியாழன்

இன்று சிவபாதம் சேர் கூப்பிட்டார். அவருடைய அறைக்குக் கதவே இல்லை, திரைதான். திரையை இழுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உமக்கொரு நல்ல சேதி. உம்மைப் பாட்னராச் சேர்க்கப் போறன். என்ரை யோசினைதான். தர்மவர்தனவிட்டை வாய் திறவாதையும்."

மறுபடியும் மூன்று நன்றி. இந்த முறை கொஞ்சம் தைரியம் வந்து, பங்கை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டேன். அதுதான் தப்பு. மத்தியானச் சாப்பாடு போயிற்று.

விளங்கிய மட்டும் எழுதி வைக்கிறேன். இப்போது இலாபம் ஆளுக்குப் பாதி. இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை. தர்ம சேருக்கு ஏணி முறை வேண்டும். எத்தனை வருஷம் இருந்தாயோ அத்தனை படி, மேல்படிக்காரனுக்குப் பெரிய பங்கு. மேல்படியில் நிற்பவர் அவரே. சிவ சேருக்கு, யார் கட்சிக்காரரைக் கொண்டு வருகிறாரோ அவருக்கே கூலி. "வேட்டையாடினவன் சாப்பிடட்டும்" என்கிறார். சுத்த சைவர்.

ஒப்பந்தத்தை மாற்றப் பெரும்பான்மை வேண்டும். இரண்டு பேரில் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? பதினொரு வருஷமாக எதுவும் மாறவில்லை. ஏசி வைக்கச் சுவரில் ஓட்டை போட்டார்கள், எந்த ஏசி என்று ஒத்துப்போகவில்லை. ஓட்டையில் சிட்டுக்குருவி.

ஆகவே மூன்றாவது வாக்கு தேவை. அந்த வாக்குதான் நான்.

"நான் கொண்டு வந்த பிள்ளை எண்டு நினைவிருக்கட்டும்" என்றார் சிவ சேர்.

இன்னும் வெக்கை. மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போனது.

மார்ச் 5, வெள்ளி

நேற்று இராத்திரி முருகேஷிடம் சொன்னேன். என் கணவர் விஞ்ஞான ஆசிரியர், எல்லாவற்றையும் படிப்படியாகக் கேட்பார்.

"பாட்னரா! அப்ப சம்பளம் எவ்வளவு கூடும்?"

"சம்பளம் இல்லீங்க."

"இல்லன்னா?"

"பாட்னருக்குச் சம்பளம் கெடையாது. வருஷக் கடைசியில லாபத்துல பங்கு. மாசாமாசம் அதுலருந்து முன்பணமா கொஞ்சம் எடுத்துக்கலாம்."

"லாபம் கொறஞ்சா?"

"கூட எடுத்தத திருப்பிக் கட்டணும்."

"நட்டம் வந்தா?"

"அதுலயும் பங்கு. அதோட மொதல்ல நாம ஒரு தொகை மொதலா போடணும்."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆக, உனக்குப் பதவி உயர்வு குடுத்து, சம்பளத்த நிறுத்திட்டு, நீ காசு கட்டி வேலைக்குப் போகணும். சரியா?"

"சரிதாங்க."

"எங்க பள்ளிக்கூடத்துல இதுக்குப் பேரு வேற."

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கடன் போன மாசம்தான் சரியாயிற்று. வருஷா வருஷம் களு கங்கை வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்க்கிற இந்த வாடகை வீட்டை விட்டு, மேட்டில் ஒரு துண்டுக் காணியில் வீடு. கடன் என் சம்பளச் சிட்டையின் பேரில்.

இன்று மத்தியானம் வங்கிக்குப் போனேன். மனேஜர் அம்மணி எழுந்து கை கொடுத்தார். "அனே, வாழ்த்துகள் மிஸ்!" அப்புறம் உட்கார்ந்தார். முகம் மாறியது.

"மிஸ், இது சம்பளக்காரர்களுக்கான கடன். பங்காளி என்றால் மூன்று வருஷக் கணக்கு காட்ட வேண்டும்."

"நான் இன்னும் பங்காளியே ஆகவில்லை."

"அப்படியானால் ஆகி, மூன்று வருஷம் கழித்து வாருங்கள்."

நந்தசேன போன மாசம் இதே வங்கியில் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் எடுத்தான். அவனுக்கு உண்டு. அவனுடைய முதலாளியம்மாவுக்கு இல்லை.

மார்ச் 7, ஞாயிறு

கஹவத்தை பஸ்ஸில் தோட்டத்துக்கு, அப்பா அம்மாவைப் பார்க்க. நானும் முருகேஷும் நின்றுகொண்டே போனோம். பெரிய லோயரம்மா, ஒரு கையில் பாண் ரொட்டி, ஒரு கையில் பஸ் கம்பி.

செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. நந்தசேனவின் மச்சான் கஹவத்தையில் கடை வைத்திருக்கிறான். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் சும்மா நிற்பதுபோல நின்றார்கள்.

"மொதலாளியாயிட்டியாம்மா!"

"மொதலாளி இல்லப்பா. பங்காளி."

அப்பா முகம் விழுந்தது. "பங்காளியா? அப்ப சண்டதானே?"

அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மாட்டுக் கொட்டிலுக்காகப் பேச்சை விட்டவர்கள். பங்காளி என்றால் அவருக்கு வேறு அர்த்தமே கிடையாது. அது இல்லை, ஆங்கிலத்தில் பாட்னர் என்று விளக்கியதும் முகம் தெளிந்தது. பாட்னர் நல்ல சொல். துரைமார் டென்னிஸ் ஆடும்போது கேட்டிருக்கிறாராம்.

வந்த விண்ணப்பங்கள்: மாமா மகனுக்கு டிரைவர் வேலை (கந்தோரில் கார் இல்லை). பக்கத்து வீட்டுக்கு அடையாள அட்டை. கோயில் மணிக்கு நன்கொடை. யாரோ ஒருவருக்கு, பேர் கேட்கவில்லை, விவாகரத்து இலவசமாக.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கோழிக்கறியை எனக்கு இரண்டாம் தரம் வைத்துக்கொண்டே, "இனிமேயாவது கொஞ்சம் தூங்குவியா?" என்றாள்.

கிளம்பும்போது அப்பா தனியாகக் கூப்பிட்டார்.

"போர்டுல பேரு போடுவாங்கதானே?"

"போடுவாங்கப்பா."

"தமிழ்லயும் போடச் சொல்லும்மா. நான் பாத்துப் படிக்கணும்ல."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். இதற்குப் பிறகு எப்படி வேண்டாம் என்பது?

மார்ச் 10, புதன்

ஒப்பந்த வரைவு வந்தது. நந்தசேன தட்டச்சு செய்து, நாடா கட்டி, மேசையில் வைத்தான். ஆளுக்காள் மறைத்தது எப்படியோ வெளியாகி, இரு சேர்மாரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துச் சுருக்கம் போட்டிருந்தார்கள்.

முதல் மூன்று பிரிவும் சரி. நாலாவது: "நீர் இறைக்கும் பம்பை வழங்கும் பங்காளிக்கு இலாபத்தில் ஒரு பங்கு."

திரும்பப் படித்தேன். பம்புதான்.

ஒன்பதாவது: "குழி இடிந்து விழுந்தால் ஏற்படும் நட்டத்தைப் பங்காளிகள் எல்லோரும் சமமாகத் தாங்க வேண்டும்." பதினொன்றாவது: "குழிக்குள் இறங்குவோருக்கு எஞ்சிய பங்கு." பக்கத்தில் பென்சிலால் என் பேர்.

நந்தசேனவைக் கூப்பிட்டேன். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும், ஆண்பால் பெண்பால் மட்டும் வராது.

"நந்தசேன, இது எங்கேருந்து எடுத்தது?"

"சிவ சேர் சொல்லிச்சு மிஸ், அலுமாரியில நல்ல பங்கு ஒப்பந்தம் ஒண்ணு பாத்து, பேர மாத்தி அடின்னு. எல்லாத்தையும் பாத்தேன். எல்லாமே கோட்டுக்குப் போயிருச்சு. இது ஒண்ணுதான் போகல. மாணிக்கக் குழி. நிவித்திகல. இன்னும் சண்ட இல்லாம தோண்டுறான் மிஸ், அந்த ஆளுங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

வரைவை எடுத்துக்கொண்டு போனேன். இரு சேர்மாரும் அதிசயமாக ஒரே அறையில், தேநீர் வேளை.

"சேர், நாலாம் பிரிவில் பம்பு என்று ஒரு பங்காளி வருகிறார். அது யார்?"

படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள இரண்டு பேருக்கும் மனமில்லை.

"இந்தக் கட்டடம் என் தகப்பனாருடையது" என்றார் தர்ம சேர். "ஆகவே நான் நிலத்துக்காரன்."

"நிலத்தை வச்சு என்ன செய்யிறது? நாள் முழுக்கத் தண்ணி இறைக்கிறது நான்தானே? பம்பு நான்."

"பம்பு இல்லாமல்கூடத் தோண்டலாம். நிலம் இல்லாமல் தோண்ட முடியுமா?"

"இரத்தினபுரியிலை பம்பு இல்லாமல் தோண்டினால் குளிக்கலாம், மாணிக்கம் எடுக்கேலாது!"

ஐந்து நிமிஷத்தில் அது தட்டச்சில் வந்த தவறு என்பதையே மறந்துவிட்டார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில்தான் உறைத்தது. நிலம் ஒருவர், பம்பு ஒருவர். குழிக்குள் இறங்குவது யார் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை.

மார்ச் 12, வெள்ளி

தர்ம சேர் வீட்டிலிருந்து: எருமைத் தயிர் ஒரு சட்டி, அதில் ஊற்றிக்கொள்ளக் கித்துள் பாணி ஒரு போத்தல். சிவ சேர் வீட்டிலிருந்து: முறுக்கு ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய்.

இரண்டும் சாப்பிட்டாயிற்று. வாக்கு இன்னும் என்னிடம்தான்.

கொழும்பில் பெரிய சட்டக் கம்பனி ஒன்றில் இருக்கும் தேவகியைத் தொலைபேசியில் பிடித்தேன். சட்டக் கல்லூரியில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவள். என் கதையைக் கேட்டு முதலில் சிரித்துத் தீர்த்தாள்.

"இங்கயும் இதேதாண்டி, தரை மட்டும் பளிங்கு. ஏணியில மேல இருக்கிற ஆள் எப்ப ஓய்வு எடுப்பாருன்னு கீழ இருக்கிறவங்க கோயில் கோயிலா போறாங்க. வேட்டை முறைக்கு மாறின கம்பனியில ஒருத்தர் கட்சிக்காரர இன்னொருத்தர் லிஃப்டுலயே மடக்குறாங்க."

"நான் என்னடி செய்ய?"

"அரைப் பாட்னர் கேளு. கடிதத் தலைப்புல பேரு இருக்கும், மாசாமாசம் நிச்சயமான தொகையும் வரும். கொஞ்ச வருஷம் கழிச்சு முழுசா ஏறிக்கலாம். கேட்டாத்தான் தருவாங்க. கேக்காம யாரும் தர மாட்டாங்க."

கேட்பது. வழக்காளிக்காகக் கேட்க என்னால் முடியும், நாள் முழுக்க. எனக்காகக் கேட்டதாக நினைவில்லை.

மார்ச் 17, புதன்

எழுத நிறைய. முதலில் நல்லது: தொழில் நியாயசபையில் லெட்சுமி வழக்கு வெற்றி. பால்வெட்டுக்காரி, நிவித்திகலப் பக்கத்து றப்பர் தோட்டம். கங்காணியை எதிர்த்துப் பேசினாள் என்று நிறுத்தியவர்கள் இனி வேலையும் கொடுக்க வேண்டும், நிறுத்திய காலத்துக் கூலியும் கொடுக்க வேண்டும். தீர்ப்பைத் தமிழில் சொன்னதும் அந்த மனுஷி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இன்னொரு கையில் பை. பைக்குள்ளிருந்து கொக்கரிப்பு.

சேவல். சிவப்பு, நல்ல கனம், வாழை நாரில் கால் கட்டியது.

வேண்டாம் என்றால் அவள் அழுதுவிடுவாள். வாங்கிக் கந்தோருக்குக் கொண்டு வந்தேன். அவளும் தீர்ப்புப் பிரதிக்காகக் கூடவே வந்து வெளி வாங்கில் உட்கார்ந்தாள். சேவல் என் மேசைக்குக் கீழே.

சிவ சேர் வந்தார். "உது என்ன?"

"கட்சிக்காரர் கொடுத்தது சேர்."

"கட்சிக்காரர் குடுத்தால் அது கந்தோர் வருமானமல்லோ?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தர்ம சேர் காதில் விழுந்துவிட்டது. அவர் தன் அறையிலிருந்தே, "வருமானம் என்றால் ஒப்பந்தப்படி பாதி பாதி" என்றார்.

"ஏன் பாதி? கொண்டு வந்தவருக்குத்தான் முழுக்க. என்ரை முறைப்படி சேவல் பிள்ளைக்கு."

"ஏணி முறைப்படி நெஞ்சும் தொடையும் எனக்கு, சிவபாதத்துக்கு முதுகு, சரோஜாவுக்குக் கழுத்து."

"நான் சைவம். எனக்கு முதுகு வேண்டாம்."

"அப்படியானால் பங்கை விட்டுக்கொடு."

"விட்டுக்குடுக்க மாட்டன். அது கொள்கை!"

குரல் ஏறிவிட்டது. ஆங்கிலமும் சிங்களமும் மாறி மாறி. பங்குடைமைச் சட்டத்தில் ஒரு பிரிவைக்கூட சிவ சேர் எடுத்துக் காட்டினார். சேவலும் தன் பங்குக்குக் கூவியது. அப்போது வாசலில் லெட்சுமி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி:

"சேவல் சின்னதா போச்சுங்களாம்மா? வீட்டுல இன்னொண்ணு இருக்குங்க, நாளைக்குக் கொண்டாறேன்."

சிவ சேருக்குத் தமிழ் புரிந்தது, தலையைக் குனிந்தார். தர்ம சேருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவரும் குனிந்தார்.

"சின்னது இல்ல லெட்சுமி. பெரிய சேவல். அதான் பேசிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி, பிரதியைக் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்து பேசினேன். திட்டம் போட்டதல்ல. நின்றபடியே, வழக்கில் பேசுவது போல:

"சேர், பாட்னராக எனக்குச் சம்மதம். ஆனால் முதல் இரண்டு வருஷம் மாதம் ஒரு நிச்சயத் தொகை, சிட்டையோடு. அதற்கு மேல் சின்னப் பங்கு. நட்டம் வந்தால் இலாபத்தில் எனக்குள்ள விகிதத்தில்தான், சமமாக அல்ல. நான் போட வேண்டிய முதலீட்டை என் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். பெயர்ப் பலகையில் மூன்று மொழியிலும் பெயர்கள். பங்கு பிரிக்க ஏணியும் வேண்டாம், வேட்டையும் வேண்டாம். பாதி, இருந்த வருஷங்களுக்கு; பாதி, கொண்டு வந்த வேலைக்கு. அதற்குத்தான் என் வாக்கு."

"முடியாது" என்றார் தர்ம சேர்.

"ஏலாது" என்றார் சிவ சேர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினொரு வருஷத்தில் முதல் பெரும்பான்மை. எனக்கு எதிராக.

சேவலை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். முருகேஷ் வெட்ட மாட்டேன் என்கிறார். நானும்தான்.

மார்ச் 19, வெள்ளி

சேர்மார் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடப் போனார்கள், ரெஸ்ட் ஹவுஸுக்கு. வெயிலுக்கு ஒரே குடையில். நந்தசேன ஓடி வந்து சொன்னான், "மிஸ், பாத்தீங்களா, அவ ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போறா!"

என்னைப் பற்றிப் பேசத்தான் போகிறார்கள். ஆனாலும் அந்தக் குடையைப் பார்க்க ஒரு சந்தோஷம். இந்தக் கந்தோருக்கு நான் செய்த பெரிய தொண்டு இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 22, திங்கள்

பதில் வந்தது. தர்ம சேர் சொன்னார், சிவ சேர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். வரைவில் உள்ளபடி கையெழுத்துப் போடலாம் (பம்பை எடுத்துவிடுவார்கள்). இல்லையென்றால் இப்போது இருப்பதுபோல உதவிச் சட்டத்தரணியாகவே இருக்கலாம், சம்பளம் கொஞ்சம் கூட்டித் தருவார்கள்.

"யோசித்துச் சொல்கிறேன் சேர்."

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், பார்மசிக்கு மேலே ஒரு அறை வாடகைக்கு. ஏறிப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு பழைய மேசை, கீழே இருந்து மருந்து வாசனை. வருகிறவர்கள் தலைவலி மாத்திரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். உள்ளே நின்று பார்த்தேன். தனியாக என்றால் நிலமும் நானே, பம்பும் நானே, குழியும் நானே.

வீட்டில் சொன்னேன். முருகேஷ் முதலில் சேவலுக்கு ஒரு பிடி அரிசி போட்டார். அப்புறம், "வீடு ரெண்டு வருஷம் பிந்தினா பிந்தட்டும். ஆத்துத் தண்ணி நமக்குப் பழகினதுதானே. நீ அங்க தலயக் குனிஞ்சுகிட்டு இருக்க வேணாம்" என்றார்.

இந்த ஆளைக் கட்டிக்கொண்டது நல்லதாயிற்று. (பொத்தான் இன்னும் தைக்கவில்லை. பின் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்.)

மார்ச் 24, புதன்

இரு சேர்மாரிடமும் ஒன்றாகச் சொன்னேன். மாசக் கடைசியோடு விலகுகிறேன். தனியாக நடத்தப் போகிறேன்.

நன்றாகப் பேசினார்கள். வாழ்த்தினார்கள். தர்ம சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவ சேர், "நல்லா வருவீர் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம். சளித் தடிமனாகவும் இருக்கலாம்.

நானும் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 26, வெள்ளி

என் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். தர்ம சேருக்குத் தன் சகோதரி மகன். சிவ சேருக்குத் தனக்குத் தெரிந்த ஒரு கெட்டிக்காரப் பெடியன். காலை முழுக்கச் சண்டை. மத்தியானம் ரெஸ்ட் ஹவுஸ், தனித்தனிக் குடை.

இன்னொரு சண்டை, என் நியாயசபை வழக்குகளை யார் பார்ப்பது. தர்ம சேருக்கு அங்கே வெக்கை. சிவ சேர் ஒருநாள் போய்ப் பார்த்தாராம். தோட்டத்து ஆள் ஒருவர் அவரிடம் முழுக் கதையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில், "ஐயா பேசுறது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் வெளங்கலீங்க. நம்ம அம்மா வருவாங்களா?" என்றிருக்கிறார். சிவ சேர் இதை என்னிடமே சொன்னார், கோபமாக. நடுவில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பார்மசிக்காரருக்குத் திங்கட்கிழமை முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நந்தசேன தானும் வரலாமா என்று கேட்டான். "மிஸ் போனா இங்க யாரு சிரிக்கிறான்?"

மார்ச் 29, திங்கள்

முன்பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தேன். இரண்டு பேரும் எனக்கு முன்னால் வந்து, வாங்கில், கட்சிக்காரர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"இருங்க சரோஜா" என்றார் தர்ம சேர். "சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். புது ஆளை எடுக்கப் பெரும்பான்மை வேண்டும். இல்லை. உங்கள் வழக்குகளைப் பிரிக்கப் பெரும்பான்மை வேண்டும். அதுவும் இல்லை. நீங்கள் கேட்டபடி செய்வதுதான் எங்களுக்குள் சண்டை வராத ஒரே வழி."

"நியாயம் எண்டதாலை இல்லை" என்றார் சிவ சேர். "வேறை வழி இல்லை எண்டதாலை."

"வழக்குகள் பெரும்பாலும் அப்படித்தானே சேர் முடியும்?"

சிவ சேர் சிரித்தார். ஏணி பாதி, வேட்டை பாதி, என் நிச்சயத் தொகை, சிட்டை, மூன்று மொழிப் பலகை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒப்பந்தத்தை நானே எழுத வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. படிக்காமல் கையெழுத்துப் போட வசதியாக இருக்குமாம்.

பார்மசிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லி இருமல் மருந்து ஒரு போத்தல் விற்றுவிட்டார்.

ஏப்ரல் 1, வியாழன்

கையெழுத்து. முட்டாள்கள் தினத்தில் வேண்டாம் என்றார் சிவ சேர். இன்றுதான் நல்ல நாள் என்று தர்ம சேரின் சோதிடர். முதல் வாக்கெடுப்பு அதற்கே நடந்தது. சோதிடர் பக்கம் போட்டேன், நாளைக்குப் பெரிய வெள்ளி, விடுமுறை என்பதால்.

மூவரும் கையெழுத்திட்டோம். நந்தசேன சாட்சி. பால்சோறு, வாழைப்பழம், முறுக்கு. தோட்டக் கந்தோருக்குப் போன் போட்டு, வீட்டில் செய்தி சொல்லச் சொன்னேன். பதில் வந்தது: "போர்டு எப்ப மாட்டுறாங்கன்னு அப்பா கேக்குறாரு. பஸ்ஸுக்குக் காசு ரெடியாம்."

சாயங்காலம் வானம் உடைந்தது. இத்தனை நாள் ஏமாற்றிய மழை மொத்தமும். காற்றில் பின்பக்கத்துத் தகரம் ஒன்று பிய்ந்து பறந்து, நீதிமன்ற வளவில் போய் விழுந்தது. கோப்பு அலுமாரி மேல் நேராகத் தண்ணீர்.

ஒன்பது வருஷமாக ஒழுகியபோதெல்லாம் சேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள் நான். இன்று அண்ணாந்து பார்த்தேன். அந்த ஓட்டையில் கொஞ்சம் என்னுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறி, கோப்புகளை இறக்கிக் கொடுக்கத் தொடங்கினேன். தர்ம சேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாங்கினார். நந்தசேன சாக்கோடு ஓடி வந்து, ஓட்டைக்குக் கீழே அலுமாரி மேல் வைக்க எனக்கு வாளி நீட்டினான். தகரச் செலவு நிலத்துக்காரனுக்கா, எல்லோருக்குமா என்று சிவ சேர் நனைந்துகொண்டே ஆரம்பித்தார். தர்ம சேர் பதில் சொல்ல வாயைத் திறக்க, வாய்க்குள் தண்ணீர்.

மூவரும் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது.

"பங்காளி, விழுந்து துலையாதையும்!" என்று கத்தினார் சிவ சேர். ஒரு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மேலே நீட்டினார். "அந்த வாளியை இஞ்சாலை தாரும், நிரம்பிப் போச்சு."

கொடுத்தேன். அடுத்த வாளியை அந்த இடத்தில் வைத்தேன்.